மண்ணெண்ணெயில் ஏறிய சிவப்பு

அரியலூர்,
4-3-1946

கிருஷ்ணம்மாளுக்கு,

சுகமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. விஷயத்துக்கே வருகிறேன்.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். இரண்டு வருஷமாக எனக்கு வயிற்று வலி. பசித்தால் கிளம்பும், சாப்பிட்டால் தணியும். மாசி முதல் வெள்ளிக்கிழமை அம்மா, மருந்தெடுக்கிற கண்ணையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். சயன்ஸ் வாத்தியார் வீட்டில் இந்தக் கூத்தா என்று நீ அடுக்களையில் சிரித்தது எனக்குக் கேட்டது. கண்ணையன் என் தொப்புளுக்கு மேலே வாய் வைத்து உறிஞ்சி, வாழையிலையில் ஓர் உருண்டையைத் துப்பினான். கொட்டைப்பாக்கு அளவு. மயிர், சாம்பல், அரைத்த இலை, நடுவில் சிவப்பாக ஏதோ ஒன்று. "பொம்பள கை வெச்ச மருந்துங்க இது. புருசன் மடங்கணும்னு சோத்துல போட்டிருக்கா" என்றான். மறுநாள் உன்னைப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றி உன் அண்ணன் சிங்காரவேலுவிடம் அனுப்பினோம். லீலாவதியை மட்டும் நிறுத்திக்கொண்டோம். மருந்து வைத்த கையால் மூன்று வயதுக் குழந்தைக்குச் சோறு ஊட்டக் கூடாது என்று அம்மா சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது.

நான் கண்ணையன் வாய்ச் சொல்லை நம்பித் தீர்ப்புச் சொல்கிறவன் அல்ல. பரிசோதித்துப் பார்க்கிறவன். சீமையில் வடிதாளில் கலவைகளைப் பிரிக்கிறார்கள் என்று திருச்சியில் ஒரு புரொபசர் சொல்லக் கேட்டு, யுத்தத்தில் வடிதாள் கிடைக்காத குறைக்கு, நம்மூர்ச் சுண்ணாம்புக் கல்லை மாவாக இடித்து, வேட்டித் துணியில் சலித்து, கஞ்சியில் குழைத்துக் கண்ணாடியில் மெல்லியதாகப் பூசலாம் என்று நான் கண்டுபிடித்தது உனக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு தட்டு எடுத்தேன். உருண்டையில் பாதியை ஸ்பிரிட்டில் கரைத்தேன். உன் குங்குமச் சிமிழிலிருந்து ஒரு சிட்டிகையை வேறு குப்பியில் கரைத்தேன். தட்டின் அடியில் ஒரு விரல் உயரத்தில் பென்சில் கோடு போட்டு, அதன் மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பொட்டு வைத்துக் காயவிட்டேன். ஊறுகாய் ஜாடியில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி, பொட்டு நனையாதபடி தட்டை நிறுத்தி மூடினேன்.

ஸ்பிரிட் சுண்ணாம்பில் ஊறி மேலே ஏறியது. சுண்ணாம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற பொருள் கீழே தங்கும், ஸ்பிரிட்டில் இளகுகிற பொருள் அதோடு போகும். கலவை பிரிவது அப்படித்தான். சாம்பல் அசையவில்லை. இலைப் பச்சை நடுவழியில் நின்றது. சிவப்பு மட்டும் உச்சிவரை ஏறிற்று. பக்கத்தில் உன் குங்குமமும் அதே உயரம். நூல் பிடித்து அளந்தேன், மயிரிழை வித்தியாசம் இல்லை. உன்னுடையது சற்று மஞ்சளித்திருந்தது. அளவு குறைந்ததால் இருக்கலாம்.

தட்டை ஹெட்மாஸ்டர் பார்த்தார். நம் பங்காளிகள் நால்வரும் பார்த்தார்கள். கண்ணையன் சொன்னதைக் கண்ணாடி சொல்லிவிட்டது. நீ இங்கே வர வேண்டாம். குழந்தை இங்கேயே இருக்கும்.

ராசாங்கம்


பெரம்பலூர்,
11-3-1946

லீலாவின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. அண்ணன் முதலில் படித்துவிட்டுச் சைக்கிள் கடையை மூடிக்கொண்டு அரியலூர் புறப்படுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினார். அண்ணிதான் பிடித்து நிறுத்தினாள். எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் வெட்கம் வந்தது. உங்களையும் சேர்த்து ஆறு ஆண்பிள்ளைகள் என் குங்குமச் சிமிழைச் சுற்றி நின்று பார்த்திருக்கிறீர்கள்.

சிரித்தது உண்மை. ஆளைத் தலைகீழாகக் கவிழ்த்தால்கூட வயிற்றுக்குள் இருப்பது தொப்புள் வழியாக வருமா? பிள்ளைகளுக்குக் குடல் படம் போட்டு விளக்குகிற நீங்கள் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பசித்தால் வலிக்கிறது, தின்றால் தணிகிறது என்றால் அது குடல் புண் என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். என் பெரியப்பாவுக்கும் அதுதான். திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். அதையும் மருந்து வைத்தவள் செய்கிற பாசாங்கு என்று இப்போது எண்ணுவீர்களோ என்னவோ.

நீங்கள் கண்டுபிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். ஆனால் வெறும் தண்ணீரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் பொலபொலவென்று உதிர்ந்துபோய் நீங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, கோலத்துக்குப் போடுகிற மாதிரி கஞ்சி சேர்க்கலாமே என்று சொன்னது யார்? ஆடியிலிருந்து தை வரை தட்டு பூசிக் கொடுத்தது யார்? உங்கள் கைக்கு அது ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து வரும். நிறம் கோணிக்கொண்டு ஏறும்.

அதனால் எனக்கும் கொஞ்சம் தெரியும். புரட்டாசியில் இரண்டு பேனா மையைத் தட்டில் ஓட்டினோம். இரண்டும் ஒரே உயரம் ஏறின. ஒரே மை என்று நான் குதித்தேன். நீங்கள்தான் என் தலையில் குட்டி, "ஒரே உயரம் ஏறினா ஒண்ணுன்னு ஆயிடாது கிருஷ்ணா. வேற உயரம் ஏறினாத்தான் வேறன்னு நிச்சயம். திரவத்தை மாத்திப் பாக்கணும்" என்று சொன்னீர்கள். மாற்றிப் பார்த்தால் பிரிந்துவிட்டன. அன்று பேனா மைக்குக் கொடுத்த மரியாதையை இன்று எனக்குக் கொடுக்கவில்லை.

என் குங்குமம் கடைச் சரக்கு அல்ல. மஞ்சளில் சுண்ணாம்பும் எலுமிச்சையும் சேர்த்து என் அம்மா வீட்டில் இடித்தது. மஞ்சள் மஞ்சளிக்காமல் வேறு எப்படி இருக்கும்? கண்ணையன் உருண்டை மஞ்சளிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பாதி இருக்கிறதே, அதை வேறு திரவத்தில் ஓட்டுங்கள்.

லீலாவுக்குச் சோற்றை உருட்டி, கட்டைவிரலால் குழி பண்ணி, அதில் நெய் விட்டால்தான் வாய் திறப்பாள். அத்தைக்கு அது தெரியாது. இந்த ஒன்றையாவது சொல்லுங்கள். என் பிள்ளையை எனக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் வீடு, உங்கள் பெயர், எதுவும் எனக்கு வேண்டாம்.

கிருஷ்ணம்மாள்


அரியலூர்,
20-3-1946

கிருஷ்ணம்மாளுக்கு,

தட்டு பூசிக் கொடுத்தவள் பரிசோதனை செய்தவள் ஆக மாட்டாள். மேளத்துக்கு வார் இழுத்துக் கட்டுகிறவன் வித்துவானா? நான் செல்லமாகச் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எனக்கே பாடம் எடுக்கிறாய்.

ஹெட்மாஸ்டர் என் கையைக் குலுக்கி, "ஜில்லாவுலயே இப்படி ஒருத்தர் செஞ்சதில்ல மிஸ்டர் ராசாங்கம்" என்றார். பங்காளிகள் அடுத்த நாளே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். இப்போது போய், பொறுங்கள், இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றால் என்ன நினைப்பார்கள்? மருந்தெடுக்கிறவனைக் கூப்பிட்ட வாத்தியான் என்று சிரிக்க இருந்த ஊர், மருந்தைக் கண்ணாடியில் பிடித்த வாத்தியார் என்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

குழந்தை நெய்க் குழி இல்லாமலே சாப்பிடுகிறாள். உன்னைக் கேட்டு அழுவதில்லை. முதல் வாரம் அழுதாள். அம்மா சொல்லிப் புரியவைத்தாள்.

ராசாங்கம்


பெரம்பலூர்,
16-4-1946

லீலாவின் அப்பாவுக்கு,

அத்தை என்ன சொல்லிப் புரியவைத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அது கிடக்கட்டும்.

போன சந்தையன்று கண்ணையன் பெரம்பலூருக்கு வந்திருந்தான். மருந்தெடுப்பது மட்டுமல்ல, கை கால் பிடிப்புக்குத் தைலமும் விற்கிறான். ரத்தச் சிவப்பாக ஒரு தைலம். அண்ணியை அனுப்பி ஒரு குப்பி வாங்கிவரச் சொன்னேன். அதை விரலில் தொட்டுப் பார்த்தால் நகக்கண்ணில் ஒட்டிய சிவப்பு மூன்று நாள் போகவில்லை. அரிசி களைந்தும் போகவில்லை. அது மஞ்சளில் வந்த சிவப்பு அல்ல, சாயம்.

அண்ணன் கடையில் உடைந்த அலமாரிக் கண்ணாடி இருந்தது. உங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் கல் இங்கே இல்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பு காரம், ஆகாது. ரயில்வே வேலையில் இருக்கிற அண்ணியின் தம்பி, அரியலூர் கல் ஒரு கூடை கொண்டுவந்து போட்டான். இடித்தேன், சலித்தேன், கஞ்சி காய்ச்சினேன். வெயிலில் வைத்தால் வெடிக்கும் என்று நிழலில் காயவைத்தேன். பொட்டு வைக்க ஈர்க்குச்சி. எல்லாம் உங்கள் முறைதான். ஒரு பக்கம் என் குங்குமம், ஒரு பக்கம் கண்ணையன் தைலம்.

முதலில் ஸ்பிரிட்டில் ஓட்டினேன். இரண்டும் உச்சிக்குப் போய்விட்டன, நீங்கள் கண்ட மாதிரியே. ஸ்பிரிட் இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது, பிரிக்கவில்லை. இன்னொரு தட்டை மண்ணெண்ணெயில் நிறுத்தினேன். ரேஷன் மண்ணெண்ணெய், அதற்காக இரண்டு நாள் விளக்கு ஏற்றவில்லை. என் குங்குமம் பென்சில் கோட்டை விட்டு ஓர் எள் அளவும் நகரவில்லை. கண்ணையன் சிவப்பு மண்ணெண்ணெயோடு சரசரவென்று மேலே போய்விட்டது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அப்படியே. அண்ணன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்காடி ஒன்ன வூட்ட விட்டுத் தொரத்துனாங்க?" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

உங்களிடம் உருண்டையின் மீதிப் பாதி இருக்கிறது. என்னிடம் இல்லை. ஒரே ஒரு தடவை அதை மண்ணெண்ணெயில் ஓட்டுங்கள். சிவப்பு கோட்டிலேயே நின்றால் நான் வைத்தேன் என்று ஒப்புக்கொண்டு கிணற்றில் விழுகிறேன். ஏறினால் லீலாவைக் கொடுங்கள். யாரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். நீங்கள் தோற்றதாக நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் மட்டும் பாருங்கள், போதும்.

கிருஷ்ணம்மாள்


அரியலூர்,
2-5-1946

கிருஷ்ணம்மாளுக்கு,

மீதி உருண்டை இல்லை. வீட்டில் வைத்திருந்தால் ஆகாது என்று அம்மா மருதையாற்றில் போட்டுவிட்டாள். இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

உனக்குக் குழந்தைதானே வேண்டும்? அதற்கு ஒரு வழி இருக்கிறது. மருந்து வைத்தது நான்தான் என்று உன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பங்காளிகள் முன் ஒரு தடவை படித்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். குற்றத்தை ஒப்புக்கொண்டவளுக்குப் பிள்ளையைக் கொடுத்தான் என்று எனக்கும் நல்ல பேர் இருக்கும். பின்னால் மாற்றிப் பேசினால் குழந்தை மறுபடியும் இங்கே வந்துவிடும். நன்றாக யோசித்து எழுது.

ராசாங்கம்


பெரம்பலூர்,
12-6-1946

லீலாவின் அப்பாவுக்கு,

வைகாசி விசாகத்தன்று நான் அரியலூர் வந்தது உங்களுக்குத் தெரியும். ஜன்னலில் உங்கள் சட்டை தெரிந்தது. கரி எரித்து ஓடுகிற கேஸ் பஸ் வழியில் இரண்டு இடத்தில் நின்று, புகையும் கரியுமாக நான் வந்து வாசலில் நின்ற கோலம் எனக்கே பிடிக்கவில்லை. அத்தை கதவைத் திறக்கவில்லை. கொல்லைப் பக்கம் சுற்றிப் போனேன். லீலா கிணற்றடியில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். பார்த்தாள். நான் கொண்டுபோன பொரிவிளங்காய் உருண்டையை நீட்டினேன். வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். அப்புறம் உள்ளே ஓடிவிட்டாள். நாலு மாதத்தில் முகம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று என்னையே தேற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இன்னும் நாலு மாதம் போனால் என் பெயரும் மறந்துவிடும். அதனால் நீங்கள் கேட்டதை எழுதுகிறேன். அண்ணன் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொள்கிறார். "பொய்யின்னு தெரிஞ்சே கையெழுத்துப் போடுவியா?" என்கிறார். அவர் இரண்டு பிள்ளைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார்.

"நான், அரியலூர் ராசாங்கம் மனைவி கிருஷ்ணம்மாள், என் புருஷன் எனக்கு அடங்கி நடக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அவர் சாப்பாட்டில் மருந்து வைத்தது உண்மை. யாருடைய கட்டாயமும் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்."

கட்டாயமும் இல்லாமல் என்பதை நானாகத்தான் சேர்த்தேன். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு அது இருந்தால் திருப்தியாக இருக்கும் என்று தோன்றியது. லீலாவை எந்த பஸ்ஸில் அனுப்புகிறீர்கள்?

கிருஷ்ணம்மாள்


அரியலூர்,
21-6-1946

கிருஷ்ணம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் படித்தேன். அம்மா எழுந்து என் நெற்றியை வழித்துத் திருஷ்டி கழித்தாள். ஹெட்மாஸ்டருக்கும் சொல்லியனுப்பினேன்.

குழந்தையை உடனே அனுப்ப முடியாது. அம்மாவுக்கு அவளை விட்டு இருக்க முடியவில்லை. ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் பெண் குழந்தையை இடம் மாற்றக் கூடாது என்கிறாள். ஆவணியில் பார்க்கலாம். வாக்குக் கொடுத்திருக்கிறேன், தவற மாட்டேன்.

ராசாங்கம்


பெரம்பலூர்,
9-9-1946

லீலாவின் அப்பாவுக்கு,

ஆவணியும் முடியப் போகிறது. மூன்று கார்டு போட்டேன், பதில் இல்லை. இங்கே தண்ணீர்த் துறையில் நான் போய் நின்றால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போகிறார்கள். நீங்கள் படித்தது பெரம்பலூர் வரை கேட்டிருக்கிறது. பத்து நாளாக அண்ணிதான் சமைக்கிறாள். என்னை அடுப்படிக்கு விடவில்லை. இதையெல்லாம் நான் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். எனக்குச் சேர வேண்டிய பிள்ளையை அனுப்புங்கள்.

கிருஷ்ணம்மாள்


அரியலூர்,
8-11-1946

கிருஷ்ணாவுக்கு,

என் வலி முற்றி, என்னையும் குழந்தையையும் சேர்த்துப் பார்க்க முடியாமல் போனதால், தீபாவளிக்கு முன்னால் அம்மாவே லீலாவைக் கொண்டுவந்து விட்டாள். நீ வாசலுக்கு வந்து இரண்டு கையாலும் வாரி எடுத்தாய் என்று அம்மா சொன்னாள். நல்லது.

இந்தக் கடிதத்தைப் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வலி போகவில்லை. கண்ணையன் எடுத்த பிறகு ஒரு மாதம் குறைந்த மாதிரி இருந்தது, பிறகு இரண்டு பங்காகத் திரும்பிவிட்டது. இப்போது சாப்பிட்டாலும் தணிவதில்லை. பத்து நாளாகக் கொல்லைக்குப் போனால் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது. நின்றால் கண் இருட்டுகிறது. திருச்சிக்குப் போனேன். குடலில் புண் இருக்கிறது, ரத்தம் கசிகிறது, கத்தி வைத்தால் பிழைக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். இடுமருந்து உள்ளே இருக்கும்போது கத்தி பட்டால் மேஜையிலேயே உயிர் போய்விடும் என்று அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து அழுகிறாள். சிரிக்காதே. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். சித்திரையில் உன் கடிதம் வந்த அன்றே கதவைச் சாத்திக்கொண்டு மீதி உருண்டையை மண்ணெண்ணெயில் ஓட்டினேன். ஆற்றில் போட்டது என்று எழுதியது பொய். பக்கத்தில் உன் குங்குமமும் வைத்தேன், மூட்டு வலிக்கு அம்மா வாங்கி வைத்திருந்த கண்ணையன் தைலமும் வைத்தேன். உன் குங்குமம் கோட்டிலேயே நின்றது. உருண்டையின் சிவப்பும் தைலத்தின் சிவப்பும் ஜோடியாக உச்சிக்குப் போயின. அவன் வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்த சரக்கு அது. அரை மணி நேரம் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு தொட்டியில் கழுவிவிட்டேன். அத்தனை பேருக்கு முன்னால் நான் எப்படி மாற்றிச் சொல்வேன்? உன் கையெழுத்து இருந்தால் அந்தத் தட்டு தேவைப்படாது என்று அன்று நினைத்தேன்.

இப்போது அதுவே என்னைக் கொல்கிறது. யோசித்துப் பார்த்தால் கணக்கு இப்படித்தான் வருகிறது. கண்ணையன் எடுத்தது உன் மருந்து அல்ல. நீயோ வைத்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். அப்படியென்றால் நீ வைத்தது எடுபடவே இல்லை. இன்னும் என் வயிற்றில் இருக்கிறது. குழந்தைக்காகப் பொய்யாக எழுதினாய் என்று பகலில் நினைத்துக்கொள்கிறேன். வலி வந்தால் அந்த நினைப்பு நிற்பதில்லை. அந்தக் காகிதத்தை எடுத்துப் படிக்கிறேன். உன் எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை.

ஒரு வரி எழுது. வைக்கவில்லை என்றால் வைக்கவில்லை என்று எழுது, அம்மாவிடம் காட்டிவிட்டு அன்றைக்கே போய் ஆபரேஷனுக்குப் படுத்துவிடுகிறேன். உன் வார்த்தையை நம்புவேன். வைத்திருந்தால் என்ன வைத்தாய் என்று சொல், மாற்று தேடுகிறேன். எப்படி எழுதினாலும் லீலாவைத் திருப்பிக் கேட்க மாட்டேன். இந்தக் கடிதமே உனக்கு அத்தாட்சியாக இருக்கட்டும். டாக்டர் ஒரு வாரம் தவணை கொடுத்திருக்கிறார்.

ராசாங்கம்


பெரம்பலூர்,
13-11-1946

லீலாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. வந்த அன்றே பதில் எழுதினேன். "நான் ஒன்றும் வைக்கவில்லை, குழந்தைக்காக எழுதிய பொய், இன்றைக்கே போய்ப் படுங்கள்" என்று எழுதி உறையிலும் போட்டேன். உங்கள் மேல் இரக்கப்பட்டேன். மடியில் விழுந்து அழுதால்கூட மன்னித்திருப்பேன், அப்படி இருந்தது மனசு. தபாலில் சேர்க்க அண்ணனிடம் கொடுக்க எழுந்தபோது லீலாவுக்குச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, ஊட்டிவிட்டுக் கொடுக்கலாம் என்று வைத்தேன்.

அவளை அத்தை கொண்டுவந்து விட்டு இன்றோடு இருபத்திரண்டு நாள். வாசலில் வாரி எடுத்தேன் என்று சொன்னவர்கள், அன்றைக்கு மத்தியானம் நடந்ததைப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டார்கள். இலை போட்டேன். சோற்றைப் பிசைந்து உருட்டி, குழி பண்ணி, நெய் விட்டு நீட்டினேன். அவள் வாயை இறுக்கிக்கொண்டு என் கையையே பார்த்தாள். பிறகு, "நீ மொதல்ல தின்னு" என்றாள். தின்றேன். விழுங்கும் வரை என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியும் வாங்கவில்லை. "அம்மா கையில மருந்து இருக்கும். தின்னா செத்துப் போயிருவேன்" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். "அப்பா" என்றாள். அத்தை சொல்லியிருப்பார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நன்றாக யோசித்துச் சொல்லு என்றேன். நீங்கள் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடித் தட்டைக் காட்டி, இந்தச் சிவப்புதான் மருந்து, இது அம்மாவுடையது என்று சொல்லிக் கொடுத்ததைத் தன் விரலால் தரையில் கோடு போட்டுக் காட்டினாள். இந்தா, இவ்வளவு உயரம் என்று.

இருபத்திரண்டு நாளாக அண்ணி கையால்தான் சாப்பிடுகிறாள். நான் அந்தப் பக்கம் போனால் இலையை மூடிக்கொள்கிறாள். நான் மொண்டு கொடுத்தால் தண்ணீரும் குடிப்பதில்லை. தூங்கும்போது மட்டும் பக்கத்தில் படுக்கவிடுகிறாள். திங்கட்கிழமை ஒரு வேளை ஏமாற்றிப் பார்க்கலாம் என்று அண்ணியின் புடவையைக் கட்டிக்கொண்டு பின்னால் இருந்து ஊட்டினேன். ஒரு வாய் வாங்கிவிட்டாள். திரும்பிப் பார்த்தாள். வாய்க்குள் விரலை விட்டு, குமட்டிக் குமட்டி, காலையில் குடித்த பால் வரை எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். மூன்று வயதுக் குழந்தை. அப்புறம் என் காலைக் கட்டிக்கொண்டு, "என்னக் கொல்லாதம்மா" என்று கெஞ்சினாள்.

அவளைக் கழுவித் துடைத்துத் தூங்கவைத்துவிட்டு வந்து, உறையைக் கிழித்து அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன். இரண்டு நாள் பொறுத்தேன். கோபத்தில் எழுதக் கூடாது என்று பொறுத்தேன். இன்று கோபம் இல்லை. காலையில் அவள் எனக்குத் தெரியாமல் அண்ணியிடம், "அம்மா அடுப்பு பக்கம் போனாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் இட்லியைத் தொட்டாள்.

நீங்கள் ஒரு வரி கேட்டீர்கள். என் வார்த்தையை நம்புவேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து நடுங்காமல் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

வைத்தேன். கண்ணையன் எடுத்தது அதை அல்ல. நீங்கள் போட்ட கணக்கு சரிதான், அது உள்ளேதான் இருக்கிறது. கத்தி பட்டால் என்ன ஆகும் என்று அத்தை சொல்வதைக் கேளுங்கள். என்ன வைத்தேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

கிருஷ்ணம்மாள்